17 வயது மகள் கார் ஓட்டிப் பழகுகிறாள், இன்சூரன்ஸை எப்படிக் குறைப்பது?

மூன்றாம்கியர் எழுதியது:

வணக்கம். மகளுக்கு 17 வயது ஆகிறது, எல் போர்டு மாட்டி ஓட்டிப் பழக ஆரம்பித்திருக்கிறாள். வாரத்துக்கு ஒரு வகுப்பு டிரைவிங் ஸ்கூலில், மற்ற நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் காரிலேயே ஓட்டவைக்கலாம் என்று திட்டம். அதற்கு அவளையும் இன்சூரன்ஸில் சேர்க்க வேண்டுமே என்று இணையதளத்தில் விவரங்களைத் தட்டிப் பார்த்தேன். வந்த தொகையைப் பார்த்ததும் நானும் மனைவியும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சரி, அவள் பெயரில் தனி பாலிசி போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் அது இன்னும் மோசம், காரின் விலையோடு போட்டி போடுகிறது.

ஆபீஸில் ஒருவர், "எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே போட்டுவிட்டு மகளைக் கூடுதல் ஓட்டுநர் என்று சும்மா சேர்த்துவிடுங்கள், பாதிக்குப் பாதி குறையும், எல்லோரும் செய்வதுதான்" என்கிறார். செய்யலாமா? பெண் பிள்ளை என்றால் பிரீமியம் குறைவு என்று ஒரு காலத்தில் சொல்வார்களே, அது இப்போதும் உண்டா? காரில் பெட்டி ஒன்றைப் பொருத்தி ஓட்டுவதைக் கண்காணிக்கும் பாலிசி பற்றியும் கேள்விப்பட்டேன், அது பிள்ளைகளுக்கு நல்லதா, இல்லை தலைவலியா?

இங்கே ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், அதனால் என் ஊர், தொகை எதையும் போட்டுக் குழப்பவில்லை. எங்கள் பக்கம் காரை மட்டும் பார்க்காமல் யார் ஓட்டுகிறார்கள் என்றும் பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள், அதை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள். அவரவர் நாட்டில் எப்படி என்று சொன்னாலும் நல்லது.

க்ளெய்ம்காரன் எழுதியது:

சார், முதலில் அந்தத் தொகையை மறந்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தப்பான கேள்விக்கு வந்த பதில். இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில் நீண்ட நாள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இதில் இரண்டு கட்டம் இருக்கிறது: பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, எல் போர்டோடு பழகும் காலம் ஒன்று, டெஸ்டில் தேறித் தனியாக ஓட்டும் முதல் வருடம் இன்னொன்று. இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இணையதளத்தில் லைசென்ஸ் வகை என்று கேட்கும் இடத்தில் முழு லைசென்ஸ் என்று இருந்ததை மாற்றாமல் விட்டுவிட்டால் இரண்டாவது கட்டத்தின் விலைதான் வரும். கற்றுக்கொள்பவர், பயிற்சி லைசென்ஸ், ஏதோ ஒரு பெயரில் தனியாக ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டு மறுபடி பாருங்கள். இல்லையென்றால் போன் செய்து, "பழகுகிறாள், நான் பக்கத்தில் இருப்பேன்" என்று வாயால் சொல்லிக் கேளுங்கள்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது பழகுபவர்கள் பெரிதாக மோதுவதில்லை. மெதுவாகப் போவார்கள், பக்கத்திலிருந்து ஒருவர் "பிரேக், பிரேக்" என்று கத்திக்கொண்டே இருப்பார், இரவிலும் மழையிலும் அவ்வளவாக வெளியே எடுக்க மாட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்து தனியாக ஓட்டும் முதல் சில மாதங்களில்தான் விபத்து சட்டென்று ஏறுகிறது, அப்புறம் அனுபவம் சேரச் சேர இறங்குகிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு, ஓட்டிய மைலுக்கு மைல் ஒப்பிட்டால் 16 முதல் 19 வயதுக்காரர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்குவது 20 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. கம்பெனி அந்த ஆபத்துக்குத்தான் பணம் கேட்கிறது, உங்கள் மகளைப் பற்றி அதற்கு இன்னும் எதுவும் தெரியாது, வயது மட்டும்தான் தெரியும்.

பழகும் காலத்துக்கு இரண்டு வழி. ஒன்று, உங்கள் பாலிசியிலேயே அவளைச் சேர்ப்பது. அமெரிக்காவில் நிறைய கம்பெனிகள் பயிற்சி பெர்மிட் இருக்கும் வரை கூடுதலாக வாங்குவதே இல்லை, ஆனால் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் உள்ள சிக்கல், அவள் எங்காவது இடித்தால் க்ளெய்ம் உங்கள் பாலிசியில் விழும், க்ளெய்ம் போடாமல் வருடக்கணக்கில் சேர்த்த தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், அடிபடும். இன்னொரு வழி, பழகுபவருக்கென்றே விற்கும் குறுகிய காலப் பாலிசி. பிரிட்டனில் இது சகஜம், சில நாட்கள், சில வாரங்கள், சில மாதங்கள் என்று தேவைக்கு வாங்கலாம், அப்பா அம்மாவின் கார் மேலேயே தனியாக ஓடும், அதில் க்ளெய்ம் வந்தாலும் பொதுவாக உங்கள் போனஸைத் தொடாது. விலையை மட்டும் ஒப்பிடாமல், உங்கள் போனஸ் போனால் அடுத்த சில வருடங்களுக்கு எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சும்மா நாள் தள்ளாமல், தொடர்ந்து பழகப் போகும் மாதங்களுக்கு மட்டும் வாங்கினாலே கணிசமாக மிச்சம்.

பக்கத்தில் உட்காருபவருக்கும் நிபந்தனை உண்டு. பிரிட்டன் சட்டப்படி 21 வயது ஆகி, முழு லைசென்ஸ் வாங்கி 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், சில கம்பெனிகள் 25 வயது கேட்கும். கம்பெனி சொல்லும் வயது சட்டத்தைவிடக் கூட இருந்தால் கம்பெனி சொல்வதுதான் கணக்கு. மகளின் தோழி, ஒரு வருடம் முன்னால் லைசென்ஸ் வாங்கியவள், பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த நேரம் இன்சூரன்ஸே இல்லாத மாதிரிதான்.

ரொம்ப முக்கியமான ஒன்று. பழகுபவர் பாலிசி பெரும்பாலும் டெஸ்டில் தேறிய நிமிடத்தோடு முடிந்துவிடும். தேறிய குஷியில், "நீயே வீட்டுக்கு ஓட்டும்மா" என்று சாவியைக் கொடுத்தீர்கள் என்றால் இன்சூரன்ஸ் இல்லாத கார் ரோட்டில் போகிறது. பிரிட்டனில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் குறைந்தது 6 பெனால்டி பாயிண்ட், லைசென்ஸ் வாங்கிய முதல் 2 வருடத்தில் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி எல் போர்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இது நடந்துவிடும். அதனால் டெஸ்ட் தேதி தெரிந்தவுடனே அடுத்த பாலிசிக்கு விலை வாங்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அன்று திரும்பி வரும்போது நீங்களே ஓட்டுங்கள்.

நாலுவழிச்சாலை எழுதியது:

இதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா? உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதுதான் சரி. அப்பா பெயரில் பாலிசி, மகள் கூடுதல் ஓட்டுநர். என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் பல வருடமாக ஓடுகிறது, யாரும் வந்து கேட்டதில்லை. கம்பெனிக்காரன் நம்மிடம் வாங்குவது கொள்ளை, நாம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருப்பதில் என்ன தப்பு?

க்ளெய்ம்காரன் எழுதியது:

@நாலுவழிச்சாலை, க்ளெய்ம் போடாத வரை யாரும் வந்து கேட்க மாட்டார்கள் தம்பி. அதுவரைக்கும் பிரீமியம் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம்கியர் சார், இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கார் உங்களுடையது, ஆபீஸுக்கு நீங்கள் எடுத்துப் போகிறீர்கள், மாலையிலும் சனி ஞாயிறிலும் மகள் கொஞ்சம் ஓட்டுகிறாள் என்றால், நீங்கள் முதன்மை ஓட்டுநர், அவள் கூடுதல் ஓட்டுநர் என்பது உண்மை. அதில் ஒரு தப்பும் இல்லை, தாராளமாகச் செய்யுங்கள், பழகும் காலம் முழுக்க நிலைமை இதுதான். ஆனால் லைசென்ஸ் வாங்கியதும் அவளுக்கென்று ஒரு கார் வாங்கி, தினமும் காலேஜுக்கு அவள் எடுத்துப் போக, பேப்பரில் மட்டும் நீங்கள் முதன்மை ஓட்டுநர் என்றால் அது பொய்த் தகவல். பிரிட்டனில் இதற்கு ஃப்ரன்ட்டிங் என்றே பெயர், மோசடி என்றுதான் நடத்துவார்கள். பெயர் வேறாக இருந்தாலும் ஓட்டுநரைப் பார்த்துப் பிரீமியம் போடும் எந்த நாட்டிலும் விஷயம் இதேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். விபத்து எந்த நேரம், எந்த இடம், யார் ஓட்டினார்கள் என்று பார்த்தாலே போதும். வேலை நாள் காலையில், காலேஜ் வாசலில், முதன்மை ஓட்டுநரான அப்பா ஊரின் இன்னொரு மூலையில் ஆபீஸில் இருக்கிறார். சர்வீஸ் பில்லில் யார் கையெழுத்து, பார்க்கிங் பெர்மிட் யார் பெயரில், "என் புதுக் கார்" என்று பிள்ளை இணையத்தில் போட்ட படம். விசாரிப்பவர் அசடு இல்லை. பொய் என்று தெரிந்தால் உங்கள் காருக்கு ஒரு காசு வராது. எதிரே அடிபட்டவருக்குச் சட்டப்படி கம்பெனி கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கும். பாலிசி ரத்தாகும், அப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் "இதற்கு முன் உங்கள் பாலிசி ரத்து செய்யப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். அதன் பிறகு வரும் விலையோடு ஒப்பிட்டால் இப்போது பார்த்த விலை மலிவாகத் தெரியும்.

இதையே திருப்பிப் போட்டால் நேர்மையான ஒரு வழி கிடைக்கிறது. மகள் பெயரில் பாலிசி எடுக்கும் நாள் வரும்போது, அதில் உங்களையும் மனைவியையும் கூடுதல் ஓட்டுநர்களாகச் சேர்த்துப் பாருங்கள். அனுபவமுள்ள பெரியவர் அந்தக் காரை அவ்வப்போது நிஜமாகவே ஓட்டுவார் என்றால் பல கம்பெனிகளில் விலை இறங்கும். சில இடங்களில் நீங்கள் ஒருவர் சேர்ந்தால் இறங்கும், இரண்டு பேர் சேர்ந்தால் ஏறும், அதற்கெல்லாம் தர்க்கம் தேடாதீர்கள், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு லாபம், அவள் பெயரில் பாலிசி இருந்தால் நோ க்ளெய்ம் போனஸ் அவளுக்குச் சேர ஆரம்பிக்கும். கூடுதல் ஓட்டுநராகவே இருந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் அது சேராது, சேர்க்கும் கம்பெனிகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சீட்அம்மா எழுதியது:

இரண்டு பிள்ளைகளை இந்தக் கட்டம் தாண்ட வைத்தவள், அதனால் நானும் கொஞ்சம் சொல்கிறேன் அண்ணா. எல்லோரும் எந்தக் கம்பெனி மலிவு என்றே தேடுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைக்கும் நேரத்தை இன்சூரன்ஸ் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சுவீடனில் 1993இல் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள், லைசென்ஸ் வயது 18 என்பதை மாற்றவில்லை. கிடைத்த கூடுதல் காலத்தை முழுசாகப் பயன்படுத்தி, சராசரியாகச் சுமார் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியவர்கள் லைசென்ஸ் வாங்கிய பிறகு விபத்தில் சிக்கியது கணிசமாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள், 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 120 மணி நேரம் ஓட்டி லாக்புக்கில் எழுத வேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில். அதனால் பழகுபவர் பாலிசியை நாளை எண்ணி எண்ணிக் கஞ்சத்தனமாக வாங்காதீர்கள், அதில் மிச்சம் பிடிப்பது அடுத்த வருடம் க்ளெய்மாக வந்து நிற்கும். இரவிலும் மழையிலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஓட்டட்டும். தனியாகப் போகும் முதல் நாளில்தான் முதல் மழை என்றால் நமக்கு வீட்டில் தூக்கம் வராது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். டெலிமேட்டிக்ஸ் என்பார்கள். காரில் பொருத்தும் பெட்டியாகவோ போனில் ஆப்பாகவோ இருக்கும். வேகம், சட்டென்று பிரேக் அடிப்பது, வளைவில் வேகமாகத் திரும்புவது, எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள், எவ்வளவு தூரம், இதையெல்லாம் அளந்து மார்க் போடும். நன்றாக ஓட்டினால் புதுப்பிக்கும்போது குறையும், சில பாலிசியில் மாதா மாதமே குறையும். லைசென்ஸ் வாங்கிய முதல் வருடத்தில் இளையவர்களுக்கு விலையை இறக்கும் வழிகளில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. ஆனால் ரொம்ப மோசமாக ஓட்டினால் விலை கூடும், எச்சரிக்கை வந்தும் கேட்காவிட்டால் பாலிசியையே ரத்து செய்வார்கள். சிலவற்றில் நள்ளிரவுக்கு மேல் ஓட்டக்கூடாது, ஓட்டினால் மார்க் குறையும் என்று இருக்கும். பிள்ளை இரவு ஷிஃப்டில் பகுதிநேர வேலைக்குப் போகிறாள் என்றால் அந்தப் பாலிசி அவளுக்கு ஆகாது, மலிவாக இருந்தாலும். முக்கியமாக, அந்தத் தகவலை யார் யார் பார்க்கலாம் என்று மகளோடு உட்கார்ந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாம் வேவு பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டால் ஆப்பை அணைத்து வைப்பதற்கு அவர்களுக்கு ஆயிரம் வழி தெரியும்.

அப்புறம் அந்த எக்சஸ். க்ளெய்ம் வந்தால் முதல் இவ்வளவு தொகை நம் கையிலிருந்து என்பது. சில நாடுகளில் டிடக்டிபிள் என்பார்கள். இளையவர் ஓட்டும்போது இடித்தால் வழக்கமான எக்சஸுக்கு மேல் வயதுக்கென்று தனியாக ஒரு எக்சஸ் வைத்திருப்பார்கள், ஆஸ்திரேலியாவில் 25 வயதுக்குக் கீழே என்றால் இது சகஜம். பிரீமியம் குறைய வேண்டும் என்று நாமாக வேறு ஒரு தொகையைக் கூட்டிக்கொள்வோம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பம்பர் நசுங்கியதற்கு க்ளெய்ம் போட்டால் கூட்டிய எக்சஸைவிடச் செலவு குறைவாகவே வரும் என்றால், அந்த அளவுக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ். தாங்க முடியும் என்றால் பரவாயில்லை, அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் படிப்பு மார்க்கைக் காட்டி ஒரு சலுகை வாங்கலாம், பொதுவாக பி சராசரி இருந்தால் போதும். கேட்காவிட்டால் அவர்களாகக் கொடுக்க மாட்டார்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன மாதிரி லைசென்ஸ் வகையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், தொகை நன்றாகவே இறங்கிவிட்டது. தனிப் பாலிசி பற்றி நாளை போனில் பேசப் போகிறேன்.

இப்போது வீட்டில் அடுத்த விவாதம். லைசென்ஸ் வாங்கியதும் அவளுக்கு ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, எதிராளிக்கு ஏற்படும் நஷ்டத்தை மட்டும் கொடுக்கும் தேர்ட் பார்ட்டி போட்டால் முடிந்தது, நம் கார் சேதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் எதற்கு என்கிறாள் மனைவி. கார் அடிபட்டால் பழைய கார்தானே, போனால் போகட்டும் என்பது அவள் வாதம். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. பெண் பிள்ளை விலை பற்றி யாரும் சொல்லவில்லையே?

க்ளெய்ம்காரன் எழுதியது:

உங்கள் வீட்டம்மா சொல்வது நியாயமாகத் தோன்றும், ஆனால் விலை கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிரிட்டனில் பல நேரம் இளையவர்களுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவது காம்ப்ரிஹென்சிவைவிட விலை கூடுதலாகவே வரும். காரணம் வேடிக்கையானது. விலையைக் குறைக்கத் தேர்ட் பார்ட்டி தேடி வந்தவர்களில் நிறைய மோதுபவர்கள் சேர்ந்துவிட்டார்கள், அந்தப் பாலிசி வாங்குபவர் என்றாலே ஆபத்து அதிகம் என்று கம்பெனியின் கணக்கு பழகிவிட்டது. உங்கள் நாட்டிலும் அப்படியா என்று தெரிய இரண்டுக்கும் விலை கேட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. ஒன்றை மறக்காதீர்கள், இளையவர் விபத்தில் கம்பெனிக்கு வரும் பெரிய செலவு உங்கள் பழைய காருக்கு அல்ல, எதிரே அடிபட்டவரின் சிகிச்சைக்கும் நஷ்ட ஈட்டுக்கும். அது எந்தப் பாலிசி எடுத்தாலும் உள்ளே இருக்கிறது, அதனால்தான் கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பிரீமியம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இறங்குவதில்லை.

சின்னக் கார் எல்லாம் மலிவும் இல்லை. இன்ஜின் சின்னதாக இருப்பது நல்லது, ஆனால் உதிரிபாகம் எவ்வளவு, ரிப்பேருக்கு எத்தனை நாள், திருடர்களுக்கு அந்த மாடல் பிடிக்குமா, பாதுகாப்பு வசதி என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்து பிரிட்டனில் காரை 1 முதல் 50 வரை குழு பிரித்து வந்திருக்கிறார்கள், 1 என்றால் மலிவு. புதுசாக லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லாம் வாங்கும் மாடல் என்று ஒன்று இருக்கும், அதில் க்ளெய்மும் அதிகம் இருக்கும். காரை வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் விலை கேட்காதீர்கள். நம்பரைக் கொடுத்து விலை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் காருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். முந்தைய ஓனர் அலாய் வீல், ஸ்பாய்லர், சத்தம் போடும் சைலன்சர் என்று மாட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், சொன்னால் விலை ஏறும், சொல்லாவிட்டால் க்ளெய்மில் மாட்டும். அந்தக் காரே வேண்டாம்.

பெண் பிள்ளை கேள்வி. ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று கொடுத்த தீர்ப்பினால் 2012 டிசம்பர் 21 முதல் அங்கே ஆண் பெண் பார்த்து பிரீமியம் போட முடியாது, பிரிட்டனும் அதைத் தொடர்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, கலிஃபோர்னியாவில் 2019 முதல் பார்க்கக்கூடாது, பல மாநிலங்களில் இன்னும் பார்க்கிறார்கள், அங்கே இளம் பையன்களுக்குக் கூடுதலாக வரும். உங்கள் நாட்டில் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது என்பதற்காக அதை வைத்து விலை போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. மாதத் தவணையில் கட்டினால் அது கடன், பெரும்பாலும் வட்டி போடுவார்கள், முடிந்தால் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுங்கள். கடைசி நாளில் வாங்காமல் சுமார் மூன்று வாரம் முன்பே விலை வாங்கி உறுதி செய்யுங்கள், அவசரத்தில் வருபவருக்கு விலை கூட்டும் கம்பெனிகள் இருக்கின்றன. வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவாள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்.

கியர்மாத்து எழுதியது:

இதைப் படிக்கும் இந்தியாவில் இருப்பவர்கள் பயந்துவிடாதீர்கள், நம் கதை வேறு. இங்கே 18 ஆனால்தான் காருக்கு எல்எல்ஆர், அதாவது பழகுபவர் லைசென்ஸ், அது 6 மாதம் செல்லும். தேர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் எத்தனை சிசி என்று பார்த்து மத்திய அரசு நிர்ணயிப்பது, ஓட்டுபவரின் வயது அதில் வருவதே இல்லை. அதனால் பிள்ளை பழகுகிறான் என்று தனியாகப் பாலிசி தேட வேண்டாம், வீட்டுக் காரின் பாலிசியிலேயே ஓட்டலாம். ஆனால் முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், கையில் செல்லுபடியாகும் எல்எல்ஆர், இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் சொந்தக் கார் சேதத்துக்கான க்ளெய்மை நிராகரிக்கக் காரணம் கொடுத்த மாதிரி. எல்எல்ஆர் தேதி முடிந்ததைக் கவனிக்காமல் ஓட்டுபவர்கள்தான் அதிகம்.

நமக்குச் செலவு வருவது நோ க்ளெய்ம் போனஸில். முதல் வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 20 சதவீதம், அப்படியே ஏறி ஐந்து வருடத்தில் 50 சதவீதம், சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி. ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யம். பிள்ளை கேட்டில் உரசினான் என்று ஓடிப் போய் க்ளெய்ம் போடாதீர்கள், வொர்க்‌ஷாப்பில் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, போகும் போனஸோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

18 ஆகாத பிள்ளை கையில் கார் சாவியைக் கொடுப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவை ஒரு தடவை படியுங்கள். சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது கார் ஓனருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், காரின் பதிவு 12 மாதம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் கிடையாது. இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாலுவழிச்சாலை எழுதியது:

@க்ளெய்ம்காரன், சரி சார், அண்ணனிடம் சொல்கிறேன். அவர் கேட்பாரா என்பது வேறு விஷயம். அவர் மகன் இப்போது வேலைக்கே அந்தக் காரில்தான் போகிறான்.

க்ளெய்ம்காரன் எழுதியது:

அப்படியென்றால் புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. நடுவிலேயே போன் செய்து, முதன்மை ஓட்டுநர் இனி மகன்தான், வேலைக்கும் போகிறான் என்று மாற்றிக்கொள்ளலாம். வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். நாமாகப் போய் மாற்றுவது வேறு, அவர்கள் கண்டுபிடித்து மாற்றுவது வேறு.

மூன்றாம்கியர் எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம், @பின்சீட்அம்மா. போன் ஆப் என்றால், அவள் தோழியின் காரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும், பஸ்ஸில் போகும்போதும் இவள் ஓட்டுகிறாள் என்று எழுதிக்கொள்ளாதா? தோழி வேகமாக ஓட்டினால் இவளுக்கு மார்க் குறையுமா?

பின்சீட்அம்மா எழுதியது:

எழுதிக்கொள்ளும் அண்ணா. நிறைய ஆப்களில் அந்தப் பயணத்தைத் தொட்டு "நான் ஓட்டவில்லை" என்று மாற்றும் வசதி இருக்கும், சிலவற்றில் சில நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்று கெடு இருக்கும். காரில் ஒட்டிவைக்கும் சின்னக் கருவியோடு சேர்ந்து வேலை செய்யும் ஆப் என்றால் அந்தக் காரில் இருக்கும்போது மட்டும்தான் எழுதும், ஆனால் அதே காரை நீங்கள் ஓட்டி, அவள் போனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்கள் பிரேக்குக்கும் அவளுக்குத்தான் மார்க். காரிலேயே பொருத்தும் பெட்டி என்றால் யார் ஓட்டினாலும் அந்தக் காரின் கணக்கில் போகும், அதனால் நீங்களும் ஒழுங்காக ஓட்ட வேண்டியிருக்கும். வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

தோழியின் காரைப் பற்றி ஒன்று. அதே வயதுப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினாலே விபத்து வாய்ப்பு கூடும். நியூசிலாந்தில் 1987இலேயே படிப்படியான லைசென்ஸ் கொண்டு வந்தபோது, புதியவர்கள் இரவில் ஓட்டுவதையும் ஆள் ஏற்றுவதையும் அதனால்தான் கட்டுப்படுத்தினார்கள், அப்புறம் பல நாடுகள் அதைப் பின்பற்றின. உங்கள் நாட்டு லைசென்ஸில் அப்படி நிபந்தனை இருந்தால், அதை மீறி ஓட்டும்போது இடித்தால் பாலிசி என்ன சொல்கிறது என்று நாளை போன் செய்யும்போது அதையும் கேட்டுவிடுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், போனில் சொன்னது அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.